ஊர்க்கேணியும் அலைக்குளமும்

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு என்றதும் நம் தோழர்கள் இடஒதுக்கீட்டைத்தான் கையில் எடுப்பார்கள். 15(4) என்பார்கள், 15(5) என்பார்கள். நடுவில் கிடக்கிற 15(2)ஐ யாரும் சீந்துவதில்லை. கடை, உணவகம், தங்கும் விடுதி, பொதுக் கேளிக்கை இடம் இவற்றுக்குள் நுழையவும், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை இவற்றைப் பயன்படுத்தவும் சாதியைக் காரணமாகச் சொல்லி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. கேளிக்கையும் கிணறும் ஒரே பிரிவுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். வெறுமனே உள்ளே நுழைகிற உரிமை அல்ல, அங்கே கிடைக்கிற சேவையைப் பெறுகிற உரிமையும் அதில் அடங்கும் என்று விளக்கம் சொன்னார் அம்பேத்கர். வாசல் தாண்டினால் போதாது, உள்ளே இருப்பதும் நமக்கு உண்டு என்பது இதன் அர்த்தம்.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மே மாதம் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகள் ரெண்டு பேரையும், கூடவே நாத்தனார் மகனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வெளியே இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. நாத்தனார் மகனுக்குப் பன்னிரண்டு. செய்தி அமைப்புக்குள் பரவிவிட்டது. ஒரு மாணவத் தோழர் வாசகர் வட்டக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்: "என்னக்கா, நீங்களுமா? நுகர்வுக் கலாச்சாரத்தைப் பற்றி நமக்கு வகுப்பெடுத்ததே நீங்கதானே." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொருவர், "அங்க குடுக்கற காசுக்கு ராத்திரிப் பள்ளிக்கு அஞ்சு பெஞ்சு வாங்கியிருக்கலாம்" என்றார்.

தம்பிமார்களே, பெஞ்சு வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் என்றாலே பெஞ்சு, சிலேட்டு, சத்துணவு, உதவித்தொகை என்று மட்டுமே யோசிக்கிற ஒரு பழக்கம் நமக்குள்ளேயே எப்படி வந்தது? சாதி இந்துவின் பிள்ளை லீவு விட்டால் விளையாடப் போகும். நம் பிள்ளை லீவு விட்டால் களை எடுக்கப் போகணும், இல்லை முன்னேறணும். முன்னேறுவது தவிர நமக்கு வேறு வேலையே கிடையாதா? சும்மா கிடந்து சிரிக்கிற உரிமை யாருடையது? கொண்டாட்டம், கலகம் என்று நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரை போட்டாயிற்று. அதெல்லாம் பறைக்கும் கூத்துக்கும் மட்டுந்தானா, நாலு வயசுப் பையன் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்து கூச்சல் போடுவதற்குக் கிடையாதா?

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நமக்குத் தெரிந்த நினைவுக் குறிப்புகளை அம்பேத்கர் எதில் தொடங்குகிறார் என்று பாருங்கள். ஒரு கோடை விடுமுறையில். 1901. அவருக்கு ஒன்பது வயசு. அப்பா சத்தாரா மாவட்டத்தில் கோரேகாவ் என்ற ஊரில் காசாளராக இருக்கிறார். அங்கே என்ன வேலை? பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குப் பிழைப்புக் கொடுக்க பம்பாய் அரசாங்கம் ஒரு குளம் வெட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலையில் கணக்குப் பார்க்கிறவர் அவர். லீவுக்கு வாருங்கள் என்று கடிதம் எழுதுகிறார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவர்கள் ரயிலைப் பார்த்ததே இல்லை. புதுச் சட்டை தைக்கிறார்கள், ஜிகினா வைத்த குல்லா, பட்டுக்கரை வேட்டி. அண்ணனும் தம்பியும் அக்கா பிள்ளைகளுமாகப் புறப்படுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு முதல் நாள் ராத்திரி தூங்காமல் கிடப்பார்களே, அதே ஆட்டம்தான்.

மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அப்பா அனுப்ப வேண்டிய ஆள் வரவில்லை, கடிதம் போய்ச் சேரவில்லை. உடுப்பைப் பார்த்து நல்ல இடத்துப் பிள்ளைகள் என்று நினைத்த நிலைய அதிகாரி, மகர் என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை பேசி முடிகிறது: பிள்ளைகளே வண்டி ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான். காசு இரட்டிப்பு, வேலையும் நம்முடையது! கூடையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் கிடைத்த தண்ணீர் சாணியும் மூத்திரமும் கலந்த சேறு. சுங்கச் சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிக் கேட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை. சோறு பக்கத்திலிருக்கப் பட்டினியாய்ப் படுக்கிறார்கள். குளம் வெட்டுகிற இடத்தில் கணக்கெழுதுகிறவரின் பிள்ளைக்கு ஒரு குவளைத் தண்ணீர் இல்லை. அரசியல் சட்டத்தில் கேளிக்கை இடமும் கிணறும் சேர்ந்து இருப்பதை இதோடு வைத்துப் படியுங்கள்.

அதே குறிப்புகளில் இன்னொரு சுற்றுலாவும் வருகிறது. 1934. முப்பது பேர் போல இயக்கத்து ஆட்கள் எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்பி, வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போகிறார்கள். வாசலில் நிறைந்திருந்த குளத்தில் முகம் கை கால் கழுவுகிறார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் பெரியவர் கத்திக்கொண்டு வருகிறார், கூட்டம் கூடுகிறது. முடிவில் உள்ளே போக அனுமதி: கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது, தொடாமல் பார்த்துக்கொள்ளக் கூடவே ஆயுதம் வைத்த சிப்பாய் ஒருவர். மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து (1927 மார்ச் 20) ஏழு வருசம் கழித்து நடந்தது இது. போராட்டத்துக்குப் போன இடத்தில் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்கப் போன இடத்திலும் தண்ணீர்தான் குறுக்கே நின்றது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் கதை வேறில்லை. 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுப்பர்கள் இனியும் ஏன் பொறுத்திருக்க முடியாது என்று காரணங்களை அடுக்குகிறார். அடித்துக் கொல்வதையும், போலீஸ் வன்முறையையும், வறுமையையும் சொல்லி வருகிற அதே மூச்சில் தன் ஆறு வயசு மகளைச் சொல்கிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த ஃபன்டவுன் பூங்காவுக்கு அவள் போகணும் என்கிறாள், அங்கே கறுப்புப் பிள்ளைகளை விட மாட்டார்கள் என்று சொல்லும்போது தகப்பனுக்கு நாக்கு எழவில்லை. கொலையும் ராட்டினமும் ஒரே பட்டியலிலா என்று அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பிற்பாடு அந்தப் பூங்கா சத்தமில்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

சத்தமில்லாமல் திறக்காத இடங்களும் இருந்தன. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் கிளென் எக்கோ பூங்கா. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பு மாணவர்கள் உள்ளே போய்க் குதிரை ராட்டினத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் டிக்கெட் இருக்கிறது. காவலாளி வந்து நீ என்ன இனம் என்று கேட்டதற்கு, மனித இனம் என்று பதில் சொன்னார் ஒருவர். கைது செய்தார்கள். கோடை முழுக்க வாசலில் மறியல், பக்கத்துக் குடியிருப்பு வெள்ளையர்களும் வந்து சேர்ந்தார்கள், 1961இல் கதவு திறந்தது. பால்டிமோரில் குவின் ஓக் பூங்காவுக்கு எட்டு வருசப் போராட்டம். பாதிரிமார்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று திறந்தார்கள். வாஷிங்டன் பேரணியில் கிங் தன் கனவைப் பேசிய அதே நாள். ஒரு வயசு கூட நிரம்பாத ஒரு கறுப்புக் குழந்தை அன்று அப்பா பிடித்துக்கொள்ள குதிரை ராட்டினத்தில் சுற்றியது. அந்த ராட்டினத்தை 1981இல் வாஷிங்டன் தேசியத் திடலுக்குக் கொண்டு போய் வைத்தார்கள். மாணவர்களே, உங்கள் வயசுப் பிள்ளைகள் ராட்டினத்துக்காகச் சிறை போனார்கள் என்பதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள்.

தண்ணீர் என்று வந்தால் அங்கேயும் மூர்க்கம் அதிகந்தான். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் நீச்சல் குளங்களைக் கறுப்பர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலைமை வந்ததும், நகராட்சி குளங்களையே மூடிவிட்டது. நீயும் குளிக்காதே, நானும் குளிக்கவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், இரண்டு பேருக்கும் சேர்த்து மூடியதால் பாகுபாடு இல்லை என்று 1971இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. ஊர்த் திருவிழாவில் நமக்கும் மண்டகப்படி வேண்டும் என்று கேட்டால் திருவிழாவையே நிறுத்துகிற நம் ஊர்ப் பெரியதனக்காரர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்.

இப்போது எங்கள் பயணத்துக்கு வருகிறேன்.

எங்க ஊர் திண்டிவனம் பக்கம். காலனியில் பிறந்த எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு ஏன் தெரியாது? வெயில் காலத்தில் ஏரி காய்ந்துவிடும். தண்ணீர் நிற்கிறது பம்புசெட்டுக் கேணிகளில்தான். கேணி யாருடையது? கொல்லை யாருடையதோ அவருடையது. ஊர்த்தெருப் பையன்கள் மத்தியானம் முழுக்கக் கேணியில் குதித்து ஆடுவார்கள். நாங்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்போம். இறங்கினால் தோலை உரித்துவிடுவான். 2018 ஜூனில் மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில் கிணற்றில் நீந்தியதற்காக ரெண்டு சின்னப் பையன்களை அம்மணமாக்கி அடித்தது படமாகவே வந்தது. இங்கே 15(2) உதவிக்கு வராது என்பதைக் கவனியுங்கள். சட்டம் சொல்வது பொதுக்கிணறு. பட்டா நிலத்துக் கேணி தனிச்சொத்து. 1892இல் கொடுத்த பஞ்சமி நிலம் நம் கையில் நின்றிருந்தால் கேணியும் நம்முடையதாக இருந்திருக்கும், பிள்ளைகள் நீச்சலும் கற்றிருப்பார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டு காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுத்தான் இரண்டு உயிர் துப்பாக்கிக்குப் போனது. அதே செங்கல்பட்டுப் பக்கம் இன்று எத்தனை ரிசார்ட்டு, எத்தனை பூங்கா! சட்டம் படிக்கிற மாணவர்கள் தாலுக்கா அலுவலகத்துக்குப் போய் அந்த நிலங்களின் பழைய 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளலாம். கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதை விட உருப்படியான வேலை.

பூங்கா வாசலில் பையைச் சோதித்தார்கள். புளிச்சோறும் அவிச்ச முட்டையும் பிடிபட்டது. "வெளிச் சாப்பாடு உள்ள அலவ் பண்ண மாட்டோம் மேடம்" என்றான் காவலுக்கு நின்ற பையன். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து காலை எட்டரை மணிக்கே மத்தியானச் சோற்றைத் தின்று தீர்த்தோம். உள்ளே ஒரு தட்டுச் சோற்றுக்கு வாங்குகிற காசில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ரெண்டு நாள் சாப்பிடும். அடுத்தது கம்பம். கம்பத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. எங்க சின்னவன் கோட்டுக்கு ஒரு விரக்கடை மேலே நின்றான். அதற்குப் பிறகு துணி. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான்தான் வேண்டும். வாடகைக்கு எடுத்தோம். பெரியவள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற நிற்பை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

அலைக்குளத்தில் சங்கு ஊதியதும் அலை வந்தது. நூற்றுக்கணக்கான ஜனம், ஒரே தண்ணீர். பக்கத்தில் பூணூல் போட்ட ஒருவர், கொஞ்சம் தள்ளி மணிக்கட்டில் கலர் கயிறு கட்டின பள்ளிக்கூடப் பையன்கள் நாலைந்து பேர். கயிறு எந்தச் சாதிக் கலர் என்று பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற எனக்குப் பார்த்ததும் தெரியும். என் மகன் குடித்துத் துப்பின தண்ணீர் அவர்கள் வாய்க்கும் போயிருக்கும், அவர்கள் துப்பினது எங்களுக்கும் வந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீட்டு எங்கே போச்சு? நாத்தனார் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் காதருகே வந்து கேட்டான்: "அத்தை, இங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கலியே?"

இதைச் சமத்துவம் என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. யார் என்று தெரியாததால் விட்டார்கள். தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து சக மாணவனை வெட்டியது சாட்சி. அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. தவிர, அந்தத் தண்ணீரில் சாதியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, வாசலில் டிக்கெட் ஏற்கனவே வடிகட்டிவிட்டது. எங்கள் காலனியிலிருந்து அதுவரை அங்கே போனவர்கள் எங்களையும் சேர்த்து மூன்றே குடும்பம். மூன்று வீட்டிலும் மாதச் சம்பளக்காரர் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பையனின் கேள்வியை நுகர்வுக் கலாச்சாரம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்கிற பிள்ளை, ஒரு நாள் முழுக்க எல்லோரும் இறங்கின தண்ணீரில் பயமில்லாமல் கிடந்தான். உடம்புக்கு அது ஞாபகம் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு 'மாதிரி கிராமம்' பார்த்தோம். ஃபைபரில் கோயில், தேர், குடுமி வைத்த ஐயர், நெசவாளி வீடு, குயவர் சக்கரம், பஞ்சாயத்து ஆலமரம், கேணியடியில் குடத்தோடு பொம்மைப் பெண்கள். சேரி இல்லை. காசு கொடுத்துப் பார்க்கிற கிராமத்தில் நம்மை ஒட்டுமொத்தமாக அழித்தாயிற்று. குகை ரயிலுக்குள் போனால் அங்கே இருக்கிறோம்: தடித்த சிவப்பு உதடும் கறுப்புச் சாயமும் பூசி, கையில் ஈட்டி கொடுத்து, 'காட்டுவாசிகள்' என்று பயம் காட்ட நிறுத்தியிருக்கிறார்கள். டிஸ்னியும் இதைச் செய்தவன்தான். தோட்ட அடிமைகளின் காலத்தைச் சந்தோஷ காலமாகக் காட்டியதற்காகக் கண்டனம் வாங்கிய 1946ஆம் வருசத்துப் படத்தை வைத்து 1989இல் ஒரு தண்ணீர்ச் சவாரி கட்டினான். எதிர்ப்பு வலுத்து 2023இல் அமெரிக்காவில் அதை மூடி, 2024இல் கறுப்பு இளவரசி கதையாக மாற்றித் திறந்தான். கல்லா கட்டத்தான் மாற்றினான். இருந்தாலும் மாற்ற வைத்தார்கள். நாங்கள் வெளியே வரும்போது அங்கிருந்த கருத்துப் புத்தகத்தில் 'சேரி எங்கே?' என்று எழுதிவிட்டு வந்தோம். எழுதியது என் வீட்டுக்காரர், எழுத்துப் பிழையே இல்லாமல்.

கழிப்பறை சுத்தம் செய்கிற அம்மா நம் ஜனம். ஊர் பேர் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நாலு வருசமாக வேலை. "உங்க புள்ளைங்க வந்திருக்காங்களாக்கா?" என்று கேட்டேன். "வருசத்துல ஒரு நாளு வேலைக்காரங்க புள்ளைங்கள உடுவோம்னாங்க. இன்னும் அந்த நாளு வரல." தண்ணீர்க் காவலுக்கு நின்ற பையன்களும் ஒப்பந்தக் கூலிதான். 2016 மே மாதம் சென்னைக்கு அருகே ஒரு பூங்காவில் புது ராட்டினத்தை ஓட்டிச் சோதித்தபோது அது சரிந்து செத்தவர் ஊழியர், அடிபட்டவர்களும் ஊழியர்களே. ராட்டினம் தாங்குமா என்று பார்க்க ஏறினவர்கள் வேலைக்காரர்கள். இங்கேயும் நாம் சங்கம் வைக்க வேண்டிய இடம் இருக்கிறது, கண்ணில் படவில்லை.

ஆக, கேட்க வேண்டியது நிறைய. அரசுப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள், கொடுக்க முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போடுகிறது. அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு வருசத்துக்கு ஒரு சுற்றுலாவை அரசு செலவில் நடத்தச் சொல்லி ஏன் ஒரு மனுகூட நாம் கொடுத்ததில்லை? ஒன்றியத்துக்கு ஒரு பொது நீச்சல் குளம் கேட்டால் என்ன? பொதுப் பணத்தில் கட்டின குளம் என்றால் 15(2) முழுசாக வந்து நிற்கும். அப்போது இன்ன தெரு என்று தெரிந்தே, பேர் சொல்லியே இறங்கலாம். தகராறு வரும். வரட்டும்.

இப்போதைக்கு ராத்திரிப் பள்ளிப் பிள்ளைகள் 34 பேரை வரும் மே மாதம் கூட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். கூட்டமாகப் போனால் விலை குறைக்கிறார்கள். வேன் பேசியாகிவிட்டது. வாடகைத் துணிக்குத் தெண்டம் கட்டாமல் இருக்க, நைலான் அரைக்கால் சட்டைகளைத் தெருவிலேயே இரண்டு தையல்காரர்கள் தைத்துத் தருகிறார்கள். சோறு வெளியே மரத்தடியில்தான். நீச்சல் தெரிந்த தோழர்கள் ஆறு பேராவது கூட வர வேண்டும். பெஞ்சு கேட்ட தோழருக்கு நீச்சல் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அவர் பெயரை முதலில் எழுதி வைத்திருக்கிறேன்.